எஸ்தர் அத்தை எழுதத் தயங்கிய மரம்

போன திங்கட்கிழமை காலை, ஓவியர் தனசேகர் மந்தைவெளியில் என் வீட்டு வாசலுக்கு வந்து சைக்கிளை நிறுத்தினார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. தண்ணீர் கேட்டார். சொம்பில் கொடுத்த தண்ணீரை முழுவதும் குடித்துவிட்டு, சொம்பைத் திருப்பித் தராமல் கையிலேயே வைத்துக்கொண்டு, "அக்கா பூட்டாங்க சார்" என்றார். எந்த அக்கா என்று நான் கேட்கவில்லை. எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரே ஒரு அக்காதான் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை மாலை கோயிலுக்குப் போய்விட்டு பெசன்ட் நகர் வீட்டுக்குத் திரும்பியிருக்கிறார். இரவு வழக்கம்போலச் சாப்பிட்டிருக்கிறார். காலையில் பால்காரர் தட்டியும் கதவு திறக்கவில்லை. பக்கத்து வீட்டு அம்மாள் தன்னிடமிருந்த மாற்றுச் சாவியால் திறந்து பார்த்தபோது தூக்கத்திலேயே முடிந்திருந்தது. இருதயம் என்றார் டாக்டர். மூன்று வருடங்களாக மாத்திரை சாப்பிட்டு வந்தவர்தான். ஆனால் அதை எங்களில் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

இந்த இதழைச் சிறுவயதில் படித்து இன்று கல்லூரிக்கும் வேலைக்கும் போய்க்கொண்டிருப்பவர்கள் பலருக்கு அவரை 'எஸ்தர் அத்தை' என்றுதான் தெரியும். வானம் ஏன் நீலம், பல்லி ஏன் வாலை விடுகிறது என்று நீங்கள் அஞ்சலட்டையில் கேட்டவற்றுக்கெல்லாம் பதில் எழுதியவர். அவர் முகத்தைப் பார்த்தவர்கள் உங்களில் குறைவாகவே இருப்பீர்கள். உடன் வேலை செய்தவன் என்ற முறையில், அவரைப் பற்றி எனக்குத் தெரிந்ததை உங்களுக்குச் சொல்லிவிட விரும்புகிறேன்.

அறுபத்தெட்டாம் வருடம் அவர் எங்கள் தேனாம்பேட்டை அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தார். அதற்கு முன் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. வந்த முதல் நாளே அவருடைய பேச்சு எங்களுக்கு வேடிக்கையாக இருந்தது. சுத்தமான திருநெல்வேலித் தமிழ், அதற்கு நடுவே இந்திச் சொற்கள். ஆனால் அவர் திருநெல்வேலியில் ஒரு வாரம்கூட இருந்ததில்லை. அவருடைய அப்பா பிழைப்பு தேடி வடக்கே போய், இமயமலை அடிவாரத்துக் குமாவுன் பக்கத்தில் ஒரு பிசின் தொழிற்சாலையில் கணக்கராக இருந்தவர். எஸ்தர் பிறந்ததும் வளர்ந்ததும் அங்கேதான். சுற்றிலும் தமிழ் பேச ஆள் கிடையாது. அப்பா அம்மாவிடம் கேட்டுக் கற்ற தமிழே கடைசிவரை அவரிடம் இருந்தது.

அந்தத் தொழிற்சாலை பைன் மரங்களை நம்பி நடந்தது. கோடை தொடங்கியதும் மரத்தின் பட்டையைக் கொஞ்சம் செதுக்கி, கீழே ஒரு மண்கோப்பையைப் பொருத்திவிடுவார்களாம். சொட்டுச் சொட்டாக வடியும் பிசினைத் தகரங்களில் சேர்த்து மலையிலிருந்து இறக்குவார்கள். அதைக் காய்ச்சினால் ஆவியாகி வந்து குளிர்வது டர்பன்டைன். அடியில் தங்கி இறுகுவது ரோசின் என்கிற மஞ்சள் கட்டி. இதையெல்லாம் அவர் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார். மலையைப் பார்த்தே இராத எங்களுக்குக் கேட்கக் கேட்க ஆசையாக இருக்கும். பைன் மரத்தைப் பற்றி நீங்களே ஒரு கட்டுரை எழுதுங்களேன் என்று ஆசிரியர் ஒவ்வொரு டிசம்பரிலும் கேட்பார். எஸ்தர் அக்கா ஒவ்வொரு தடவையும் மறுத்துவிடுவார். வேறு எதைக் கேட்டாலும் மறுநாளே எழுதித் தருகிறவர், இதை மட்டும் ஏன் தட்டிக்கழிக்கிறார் என்பது எங்களுக்குப் புரியவில்லை.

அவர் எழுதாததால் வேறு ஒருவர் எழுதினார். கோடைக்கானலுக்குப் போய்வந்த எழுத்தாளர் அவர். காயப்பட்ட பைன் மரம் கண்ணீர் வடிக்கிறது என்று உருக்கமாக முடித்திருந்தார். அக்கா அந்த வரியை நீலப் பென்சிலால் அடித்தார். எனக்கு அந்த வரி பிடித்திருந்தது, அதனால் ஏன் என்று கேட்டேன்.

"அது அழுகை இல்ல தம்பி. புண்ணு மேல பூச்சியும் பூஞ்சையும் ஏறாம இருக்க அது தானே போட்டுக்கிற கட்டு. நாமதான் அந்தக் கட்டை வழிச்சு எடுத்துக்கிறோம்" என்றார்.

அதே கட்டுரையில் 'இலை இல்லாத, ஊசி மட்டுமே உள்ள மரம்' என்று இருந்ததையும் திருத்தினார். ஊசிதான் இலை, அவர் ஊர்ப் பைனில் மூன்று மூன்றாக ஒரே அடியில் சேர்ந்திருக்கும் என்றார். தேவதாரு என்று போட்டிருந்த இடங்களில் பைன் என்று மாற்றினார். இரண்டும் ஒரே மலையில் வளர்ந்தாலும் வேறு வேறு மரங்களாம்.

அந்தக் கட்டுரை வந்த பிறகு அடையாற்றிலிருந்து ஒரு சிறுமி அஞ்சலட்டை போட்டாள். பைன் பார்க்க மலைக்குப் போக வேண்டியதில்லை, எலியட்ஸ் கடற்கரை ஓரத்திலேயே நிறைய நிற்கிறது என்று எழுதியிருந்தாள். அக்காவுக்கு அந்த அட்டை மிகவும் பிடித்துவிட்டது. அடுத்த சனிக்கிழமை மாலை எங்களையெல்லாம் கடற்கரைக்குக் கிளப்பிக்கொண்டு போனார். அங்கே நின்றவை சவுக்கு மரங்கள். தூரத்திலிருந்து பார்த்தால் பைன் போலவேதான் இருந்தன. காற்றில் எழும் ஓசைகூட ஏறக்குறைய அதுதான் என்று அவரே சொன்னார். பிறகு ஒரு பச்சை ஊசியைப் பறித்து என் கையில் கொடுத்து இழுக்கச் சொன்னார். அது கணுக் கணுவாகக் கழன்று வந்தது. சவுக்கில் நாம் ஊசி என்று நினைப்பது உண்மையில் மெல்லிய கிளை, கணுவில் பல் பல்லாக ஒட்டியிருப்பதுதான் இலை என்றார். அந்தச் சிறுமிக்கு எழுதிய பதிலில் நீ சொன்னது தவறு என்ற சொல்லே இல்லை. ஒரு ஊசியை இழுத்துப் பார், கழன்று வந்தால் எனக்கு எழுது என்று மட்டும் எழுதினார்.

அப்போது அவர் சாந்தோமில் குடியிருந்தார். உடன் அம்மா பாக்கியம்மாள். எழுபதைத் தாண்டியவர், கண்ணில் புரை விழுந்திருந்தது. கிறிஸ்துமஸுக்கு நான் போனால் வாசல் அறையில் ஒரு சவுக்குக் கிளையை வாளி மணலில் நட்டுக் காகித நட்சத்திரம் கட்டியிருப்பார்கள். பைன் காட்டில் வளர்ந்தவர்கள் வீட்டில் சவுக்கா என்று ஒருமுறை கேலி செய்தேன். கிழவிதான் பதில் சொன்னார், ஏசு பிறந்தது மாட்டுக்கொட்டிலில், பைன் மரத்தடியில் இல்லை என்று. அந்த வீட்டின் இன்னொரு வழக்கத்தையும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். இதழ் வந்ததும் அக்கா அதை அம்மாவுக்கு அட்டை முதல் அட்டை வரை உரக்க வாசித்துக் காட்டுவார். மகள் எழுதியது எது, பிறர் எழுதியது எது என்று பாக்கியம்மாள் கேட்டவுடன் சொல்லிவிடுவார்.

எழுபத்தொன்றில், தீபாவளி மலர் வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தபோது ஒரு சம்பவம் நடந்தது. தனசேகரின் மனைவிக்கு உடம்பு சரியில்லை. அதனால் மூன்று வயது மகள் மல்லிகாவை அவர் அலுவலகத்துக்கே கூட்டிவந்திருந்தார். அட்டைப்படத்துக்கு எண்ணெய் வர்ணம் தீட்டிக்கொண்டிருந்தார். தூரிகை கழுவ டர்பன்டைனை ஒரு காபி டம்ளரில் ஊற்றித் தரையில் வைத்திருந்தார். நாங்கள் எல்லோரும் மேஜையில் பக்கங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தோம். திடீரென்று குழந்தை மூச்சுத் திணறும்படி இருமியது. திரும்பிப் பார்த்தால் டம்ளர் கவிழ்ந்து கிடந்தது. குழந்தையின் வாயெல்லாம் அந்த வாடை.

தனசேகர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் சுற்றினார். எங்கள் மேனேஜர் அனுபவப்பட்டவர், வீட்டில் யார் எதை விழுங்கினாலும் முதலுதவி செய்து பழகியவர். அவர் ஓடிப்போய் ஒரு சொம்பு நிறைய உப்புத் தண்ணீர் கரைத்து வந்துவிட்டார். குடிக்க வைத்து, தொண்டையில் விரலை விட்டால் எல்லாம் வெளியே வந்துவிடும் என்றார். எங்களுக்கும் அதுதான் சரியாகப் பட்டது. சொம்பு குழந்தையின் வாய்க்குப் பக்கத்தில் போனபோது எஸ்தர் அக்கா குறுக்கே வந்து நின்றார்.

"வாந்தி எடுக்க வைக்காதீய. யாரும் எதுவும் குடுக்காதீய."

சத்தம் போடவில்லை. ஆனால் அந்தக் குரலை அதற்கு முன் நாங்கள் கேட்டதில்லை. விஷத்தை உள்ளேயே வைத்திருக்கச் சொல்கிறீர்களா என்று மேனேஜர் கோபமாகக் கேட்டார். தனசேகர் கெஞ்சவே ஆரம்பித்துவிட்டார். "கொய்ந்தக்கு ஏதாவது ஆச்சுன்னா இன்னா பண்ணுவேன்க்கா? கொஞ்சம் வாந்தி எடுக்க வுடுங்கக்கா" என்று அழுதார். அக்கா சொம்பை வாங்கித் தரையில் கொட்டினார். குழந்தையைத் தன் தோளில் நிமிர்த்திச் சாய்த்துக்கொண்டு, டாக்சி கூப்பிடுங்கள் என்று என்னிடம் சொன்னார். மவுண்ட் ரோட்டுக்கு ஓடி ஒரு டாக்சியை நிறுத்தினேன். வழி முழுவதும் குழந்தை படுத்துவிடாமல் நிமிர்ந்தே இருக்கும்படி பிடித்துக்கொண்டு வந்தார். தனசேகர் முன் சீட்டில் உட்கார்ந்து திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதாவது தவறாகிவிட்டால் அந்த மனிதர் ஆயுளுக்கும் யாரைக் குற்றம் சொல்வார் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அக்காவுக்கும் தெரிந்திருக்கும்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, வாந்தி எடுக்க வைத்தீர்களா என்பது. இல்லை என்றோம். பிழைத்தது என்றார். இந்த எண்ணெய் வயிற்றில் இருப்பதைவிட, வாந்தியோடு மேலேறி மூச்சுக்குழாய்க்குள் இறங்குவதுதான் ஆபத்து, ஒரு சில துளி போதும், நுரையீரல் வெந்துவிடும் என்று விளக்கினார். குழந்தைக்கு அன்று ஜுரம் வந்தது. இரண்டு நாள் வைத்திருந்து பார்த்து அனுப்பினார்கள்.

அன்று மாலை ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது இது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். சொன்னார். அவருக்கு சாம் என்று ஒரு தம்பி இருந்தான். நான்கு வயது. தொழிற்சாலைக் குடியிருப்பில் எல்லார் வீட்டிலும் டர்பன்டைன் இருக்கும், சுளுக்குக்குத் தேய்க்க, கறை போக்க, அடுப்பு பற்றவைக்க. அவர்கள் வீட்டில் அது ஜன்னல் விளிம்பில் இருந்தது. அவன் குடித்துவிட்டான். அப்பா மலையில் இருந்தார். அம்மா பதறிப்போய் உப்புத் தண்ணீர் கொடுத்துத் திரும்பத் திரும்ப வாந்தி எடுக்க வைத்தார். அன்று இரவே மூச்சு இரைக்கத் தொடங்கியது. பிழைக்கவில்லை.

"டர்பன்டைன்தான் கொன்னுட்டுன்னு அம்மா நெனச்சிக்கிட்டிருக்காங்க. நானும் அப்படித்தான் நெனச்சேன். பெரியவளானப்புறம் ஒரு டாக்டரம்மா பேச்சுவாக்குல சொல்லித்தான் எனக்குத் தெரிஞ்சுது. அம்மாகிட்ட எப்படித் தம்பி சொல்ல?"

பைன் கட்டுரை ஏன் எழுதப்படவில்லை என்பது அப்போது விளங்கியது. மரத்தைப் பற்றி எழுதினால் டர்பன்டைனைப் பற்றி எழுத வேண்டும். டர்பன்டைனைப் பற்றிக் குழந்தைகளுக்கு எழுதினால் அதை விழுங்கினால் செய்யக்கூடாததை எழுதாமல் விட அவரால் முடியாது. எழுதியதை அவரே அம்மாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.

அந்த டிசம்பரில் அவர் எழுதினார். மறுபடியும் யாரும் கேட்கவில்லை, அவராகவே எழுதிக்கொண்டு வந்து வைத்தார். இன்றும் எடுத்துப் படிக்கத்தக்க கட்டுரை அது. மலையைப் பற்றித் தொடங்கவில்லை. சபாவில் கச்சேரிக்கு முன் வயலின் வித்வான் வில்லில் ஒரு மஞ்சள் கட்டியைத் தேய்க்கிறாரே, அதில் தொடங்கியது. அது இல்லாவிட்டால் வில் தந்தியில் வழுக்கிப் போகும், ஸ்வரம் எழாது. பாண்டி பஜாருக்கு ஆப்பிள் வந்திறங்கும் பெட்டியின் வெளிறிய பலகை, ரேடியோ ரிப்பேர்க் கடையில் ஈயம் வைக்கும்போது எழும் புகை, சலவை சோப்பு, தரை கழுவும் பினாயில் என்று நம்மைச் சுற்றியே மரத்தைக் காட்டிக்கொண்டு போனார். உன் நோட்டில் பேனா மை ஊறிப் பரவாமல் நிற்கிறதே, அதுவும் தாளில் கலந்த பைன் பிசினால்தான் என்று எழுதியிருந்தார். அதற்குப் பிறகுதான் மலைக்குப் போனார். பிசின் ஊறிய நடுக்கட்டையைச் சீவிக் கொளுத்தி விளக்காக வைத்துக்கொள்வதும், உதிர்ந்த ஊசிகளை வாரி மாட்டுக்குப் படுக்கையாகப் போடுவதும், பட்டையைக் கொல்லர்கள் உலைக்குக் கரியாக்குவதும், காய்க்குள் இருக்கும் விதையை வறுத்துத் தின்பதும், காலில் பித்தவெடிப்புக்குப் பிசினைக் குழைத்துப் பூசுவதும் வந்தன. மரத்தைத் தூக்கி வைத்து மட்டும் எழுதவில்லை. உதிர்ந்த ஊசி மெத்தை போல மூடிக்கொள்வதால் அடியில் வேறு செடி அதிகம் தலையெடுக்காது, கோடையில் அந்த மெத்தைதான் காட்டுத் தீயைப் பரப்பும், தடித்த பட்டை இருப்பதால் பெரிய பைன் மட்டும் கருகிய காலோடு நின்று தப்பித்துக்கொள்ளும் என்றும் எழுதியிருந்தார்.

கடைசிப் பத்தி டர்பன்டைனைப் பற்றியது. குழந்தைகள் பத்திரிகையில், அதுவும் கிறிஸ்துமஸ் இதழில், இந்தப் பத்தி வேண்டாமே என்றார் ஆசிரியர். மனசுக்குப் பயமாக இருக்கிறது என்றார்.

"ஒரு மரத்தோட நல்லதை மட்டும் சொன்னா அது விளம்பரம் சார். இந்தப் பத்தி இல்லைன்னா கட்டுரையும் வேண்டாம்" என்றார் அக்கா. பத்தி அச்சாகியது.

இதழ் வந்த அன்று, சாயங்காலம் வீட்டுக்கு வர முடியுமா, அம்மாவுக்கு வாசிக்கும்போது கூட இருங்கள் என்று என்னிடம் கேட்டார். போனேன். பாக்கியம்மாள் கட்டிலில் சாய்ந்திருந்தார். அக்கா ஒரு பக்கத்தையும் விடாமல் வாசித்துக்கொண்டு வந்தார். கிழவி வயலின் வில்லுக்குச் சிரித்தார். மாட்டுப் படுக்கை வந்தபோது ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். கடைசிப் பத்தி வந்தது. தாண்டிப் போயிருக்கலாம், அம்மாவுக்குத் தெரிந்திருக்காது. எந்தக் குழந்தையாவது டர்பன்டைனைக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, உப்புத் தண்ணீர் கொடுக்கக் கூடாது, நிமிர்த்தி வைத்து உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போக வேண்டும், ஏனென்றால் என்று தொடங்கி முடிவு வரை வாசித்தார். வேகம் கூடவில்லை, குரல் தாழவில்லை. வாசித்து முடித்து இதழை மடியில் வைத்துக்கொண்டார்.

பாக்கியம்மாள் மகள் இருந்த திசையில் கையை நீட்டித் தேடினார். அக்கா கையைக் கொடுத்தார்.

"எனக்குத் தெரியும்ட்டி. அந்த வாரமே பாக்டரி டாக்டர் சொல்லிட்டாரு."

அக்கா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷமா ஏன் சொல்லலை என்று கேட்டார்.

"நீதான அடுக்களைக்கு ஓடி உப்பக் கரைச்சிக் கொண்டாந்த. பத்து வயசுப் பிள்ளைகிட்ட அதை எப்படிச் சொல்லுவேன்? அப்புறம் சொல்லுவம்னு இருந்தேன். அப்படியே போயிட்டு."

உப்பைக் கரைத்தது தான்தான் என்பதை அக்கா வராந்தாவில் என்னிடம் சொல்லியிருக்கவில்லை. மறந்துவிட்டாரா, சொல்ல முடியாமல் விட்டாரா என்று நான் கேட்டதுமில்லை. நான் எழுந்து வாசலுக்கு வந்துவிட்டேன். உள்ளே இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். அழுகைச் சத்தம் இல்லை. சாம் என்ற பெயர் மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டது. அத்தனை வருடமாக அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத பெயர் அது என்று பின்னால் ஒருநாள் அக்கா சொன்னார்.

அதற்குப் பிறகு பாக்கியம்மாள் மூன்று வருடம் இருந்தார். அவர் போன பின் அக்கா பெசன்ட் நகரில் புதிதாகக் கட்டிய குடியிருப்பில் ஒரு சிறிய வீட்டுக்கு மாறினார். ஓய்வு பெற்ற பிறகும் உங்கள் அஞ்சலட்டைகள் அங்கே போய்க்கொண்டிருந்தன. தனசேகர் ஞாயிற்றுக்கிழமைகளில் மல்லிகாவைச் சைக்கிளில் அழைத்துக்கொண்டு போய் விட்டுவருவார். நடந்ததை அந்தப் பெண்ணிடம் சொல்ல வேண்டாம், நன்றிக்கடன் என்று ஒன்றைச் சின்னப்பிள்ளை தலையில் ஏற்றாதீர்கள் என்று அக்கா அவரிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். சொல்ல வேண்டிய வயது வந்துவிட்டதென்று போன வருடம் அக்காவே அவளிடம் சொல்லிவிட்டாராம். குடிச்சது நீ, தூக்கிட்டு ஓடினது உங்கப்பா, நான் ஒரு சொம்புத் தண்ணியைக் கொட்டினேன், அவ்வளவுதான் என்றாராம். கல்லறையில் மல்லிகாதான் இதை எனக்குச் சொன்னாள். பதினொரு வயதுப் பெண், பள்ளிக்கூடச் சீருடையிலேயே வந்திருந்தாள். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை நின்றாள். மண் போடும்போது தனசேகரால் நிற்க முடியவில்லை, அவள்தான் தாங்கிக்கொண்டாள்.

அவருடைய புத்தகங்களை, முன்பு தான் சொல்லிக்கொடுத்த பள்ளிக்குக் கொடுத்துவிடச் சொல்லி எழுதி வைத்திருந்தார், கொடுத்துவிட்டோம். எனக்கென்று பொருளாக எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை. என்னிடம் இருப்பது சாந்தோம் வீட்டில் அந்த மாலை கேட்ட குரல். தாண்டிப் போகக்கூடிய ஒரு பத்தியைத் தாண்டாமல், எழுதியதை எழுதியபடியே, மிகவும் நேசித்தவரின் முகத்துக்கு நேராக வாசித்த குரல். யாருக்கும் கசக்கும் ஒன்றை நான் சொல்லியாக வேண்டிய நேரங்களில் அந்தக் குரலின் நிதானத்தைத்தான் தேடிப் பிடித்துக்கொள்கிறேன். பல தடவை பிடிபடுவதில்லை. இந்த அஞ்சலியை எழுதும்போது பிடிபட்டது.